பதினொன்று (ஆ)

கல்முனை, வலயக் கல்வி அலுவலக மாடியறை.
தரம் பத்துக்கு இரண்டாம் தவணை வினாத்தாள்.
நான், ஜெஸ்மிலா டீச்சர், தவநேசன் சேர்.
மின்விசிறி சுற்றுகிறது
கட்டுத்தாள்களை மட்டும் பறக்கவிட்டு.

பதினொன்று (ஆ) நான் எழுதியது:
'சதுரத்தையும் சாய்சதுரத்தையும்
வென் வரிப்படம் கொண்டு ஒப்பிடுக.'
விடையையும் நானே வரைந்து வைத்திருந்தேன்.
பெரிய வட்டம் சாய்சதுரம்,
அதற்குள்ளே சின்ன வட்டம் சதுரம்.
எல்லாச் சதுரமும் சாய்சதுரம்தானே,
எல்லாச் சாய்சதுரமும் சதுரமாகாதே.

ஜெஸ்மிலா தன்னுடைய தாளைத் திருப்பிக் காட்டினா.
பெரிய வட்டம் சதுரம்.
அதன் வயிற்றுக்குள் சாய்சதுரம்.

"மாறிப் போட்டிருக்கிறீங்க கா."
"இல்ல கா, மாறினது நீங்க."

பதினாறு வருசமாய் இதே பாடம்,
அவ சாய்ந்தமருதில், நான் பாண்டிருப்பில்.
ஒருவர் வகுப்பை ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை.

பிளேன்டீ வந்தது.
தவநேசன் சேர் கிளாஸைத் தூக்கி, சமாதானமாய்:
"ரெண்டு வட்டத்தையும் வெட்ட விடுங்க.
பொதுவானதை நடுவில எழுதட்டும். முடிஞ்சுது."
முடியவில்லை.
வெட்டினால் இடப்பக்கம் ஒரு பிறை மிஞ்சும்:
சாய்சதுரம் அல்லாத சதுரம்.
அதற்குள் யாரைக் கொண்டுபோய் இருத்துவது?
இடம் இருக்கிறதே என்று
பிள்ளைகள் எதையாவது எழுதி நிரப்புவார்கள்.

ஜெஸ்மிலா பென்சிலைக் கடித்தபடி சொன்னா:
"நான் உருவங்களப் போடல்ல கா. இயல்புகளப் போட்டன்.
நாலு பக்கமும் சமன்,
மூலைவிட்டங்கள் செங்கோணத்தில் இருசமகூறிடும்:
இது சாய்சதுரத்திட கையிருப்பு.
சதுரத்துக்கு இவ்வளவும் இரிக்கி.
அதுக்கு மேல கோணம் நாலும் செங்கோணம்,
மூலைவிட்டம் ரெண்டும் சமன்.
இப்ப சொல்லுங்க, எது பெரிசு?"

நான் ஆட்களை எண்ணியிருந்தேன்.
அவ அவர்களிடம் இருப்பதை எண்ணியிருந்தா.
வட்டத்துக்குள் போடுவது எதுவென்று
கேள்வியில் நான் சொல்லவேயில்லை.

நிபந்தனை கூடக் கூட ஆள் குறையும்.
இதைக் கரும்பலகையில் நான் படிக்கவில்லை.
கடல் வந்து போனதற்கு அடுத்த வருசம்
வீட்டுத்திட்டப் படிவத்தில் படித்தேன்.
காணி உறுதி இருக்கவேண்டும் என்றார்கள், பெயர்கள் குறைந்தன.
சம்பளக்காரர் இல்லாத குடும்பம் என்றார்கள், இன்னும் குறைந்தன.
இறுதிப் பட்டியல் அரைத் தாள்.
அதில் நான் இல்லை.
"நானும் இல்ல" என்றா ஜெஸ்மிலா,
நான் எதையும் வாய்விட்டுச் சொன்னதாய் ஞாபகமில்லை.
அப்படியென்றால் அந்த வட்டத்துக்கு வெளியே,
செவ்வகத்துக்கு உள்ளே,
முகம் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில்
நின்றிருக்கிறோம்.

தவநேசன் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
பதினொன்று (ஆ)வை ஒரே கோட்டில் வெட்டினார்.
மாணவர் நாற்பது. கிரிக்கெட் இருபத்தைந்து.
கரப்பந்து பதினெட்டு. இரண்டும் ஆறு.
இரண்டையும் விளையாடாதோர் எத்தனை பேர்?
மூன்று.
இதில் யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

இரவு பத்தரைக்குத் தொலைபேசி துடித்தது. ஜெஸ்மிலா:
'செவ்வகத்தையும் சாய்சதுரத்தையும் எடுத்துப் பாருங்க கா.
உருவங்களப் போட்டு வெட்டினா நடுவில் சதுரம்.
இயல்புகளப் போட்டு வெட்டினா நடுவில் இணைகரம்.
வட்டம் அதே ரெண்டுதான்.'

நுளம்புவலைக்குள் கிடந்து இரண்டு தரம் வாசித்தேன்.
பிறகு எழும்பி லைட்டைப் போட்டேன்.
தாள் ஒன்று தேடினேன்,
கவராயம் கிடைக்கவில்லை,
சீனிப் போத்தல் மூடி போதும்.